அணி கலை

பெருங்களத்தூர் ஜெயவேலுவுக்கு வாழ்க்கையில் எல்லாம் இருந்தது. அப்பன் பாட்டன் ஏர் ஓட்டிய மண்ணை மனை மனையாக விற்ற பணம் இருந்தது, அந்தப் பணத்தில் எழும்பிய கல்யாண மண்டபம் இருந்தது, மண்டப வாசலில் சிமெண்ட் யானை இரண்டு இருந்தன. இல்லாதது ஒன்றே ஒன்று. அவர் உள்ளே நுழைந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. கட்சியில் வட்டப் பதவிக்கு அலைந்து பார்த்தார், மச்சினன் முந்திக்கொண்டான். கோவில் தர்மகர்த்தா பதவிக்கு முயன்றார். அதற்கும் அதே மச்சினன்.

அப்போதுதான் துணைக்காவலர் சட்டம் வந்தது. சம்பளம் வாங்காத போலீஸ் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அந்தந்தப் பகுதி ஆட்களே காக்கி மாட்டிக்கொண்டு திருவிழாக் கூட்டத்தையும் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பகுதிக்கு ஒரு கௌரவக் கமாண்டர். சட்டசபையில் அது குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மேசையைத் தட்டியவர்கள் படித்திருந்தால் கை வலித்திருக்காது என்று பேசிக்கொண்டார்கள். ஜெயவேலு மட்டும் அதைப் படித்தார். உடை பற்றிய பின்னிணைப்பை மட்டும். தொப்பியில் கமாண்டருக்குச் சிவப்புப் பட்டை உண்டு என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டார்.

பட்டை வந்த பிறகு அந்தத் தொப்பி தலையை விட்டு இறங்கவில்லை. தங்கை பேரனின் காதுகுத்துக்கும் சீருடையில்தான் போனார்.

"இன்னாய்யா இது, காது குத்துறதுக்கு லத்தி எதுக்கு?" என்று சபையிலேயே கேட்டாள் அவர் மனைவி கங்கையம்மாள். "ஆசாரி கை நடுங்குது பாரு. கொயந்த காதுக்குப் பதிலா மூக்குல குத்திடப் போறாரு."

"கமாண்டர் எப்பவும் கமாண்டர்தான்," என்றார் ஜெயவேலு.

"ஆமா, வூட்டுல ஒரு ஃபேன் ரிப்பேருக்கு ஆள் கூட்டியாறத் துப்பில்ல."

இப்படியே போயிருந்தால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் வந்து கெடுத்தது.

பெருங்களத்தூர் தீபாவளிக்கு முந்தின நாள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பாதிச் சென்னை பெட்டியும் பிள்ளையுமாக அந்த நிறுத்தத்தில் நிற்கும். மீதிப் பாதி அதைத் தாண்ட முடியாமல் ஜி.எஸ்.டி. சாலையில் நிற்கும். காலையிலேயே ஜெயவேலு தன் அணியைக் கூட்டி, "அணி... நேர்நில்!" என்றார். மேம்பாலத்தடிப் புறாக்கள் பறந்தன. போட்டோ எடுத்தாயிற்று. வெயில் ஏறியதும், புதிய அடுக்குமாடி ஒன்றின் திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் காரில் ஏறிப் போய்விட்டார். கமாண்டர் போனதும் அணியினரும் ஒவ்வொருவராக டீ குடிக்கப் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

மோகன்ராஜ் மட்டும் நின்றார். காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர் அவர். நில் என்றால் நிற்பவர். உச்சிவேளையில், பின்பக்கமாக வந்த வேன் ஒன்று அவரைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஜெயவேலுவின் கையில் கத்தரிக்கோல், எதிரே ரோஸ் நிற ரிப்பன்.

மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் கேட்ட கேள்வி சின்னது. "விபத்து நடந்தப்ப உங்க அணி டியூட்டியில இருந்துச்சா?"

ஜெயவேலுவின் மூளை அன்றுதான் வேகமாக வேலை செய்தது. ஆமாம் என்றால், டியூட்டியில் இருந்த கமாண்டர் எங்கே போனார் என்று கேட்பார்கள். சிவப்புப் பட்டை போய்விடும். குடியரசு நாள் பதக்கத்துக்குத் தன் பெயரைத் தானே எழுதி அனுப்பியிருந்தார், அதுவும் போகும்.

"பதினோரு மணிக்கே 'அணி கலை' சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டேன் சார்," என்றார். "அவர் மட்டும் ஏன் நடுரோட்டுல நின்னாருன்னு எனக்கும் புரியல."

அணியினரைக் கேட்டார்கள். டீக்கடையில் இருந்தோம் என்று எவன் சொல்லுவான்? "எங்களுக்கு ஞாபகம் இல்ல சார்," என்றார்கள் கோரஸாக.

அறிக்கையில் இப்படி ஒரு வரி ஏறியது: 'பணியில் இல்லாத நபர் ஒருவர் போக்குவரத்துக்கு இடையூறாகச் சாலை நடுவே நின்றதால் விபத்து நேர்ந்தது.'

அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மோகன்ராஜின் மனைவி ஹேமாவதி வந்தாள். பணியில் செத்தவர் என்றால் வீட்டில் ஒருவருக்கு அரசு வேலை உண்டு என்று சட்டம் சொன்னது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று பில் போடுகிறவளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அவள் முதலில் கேட்டது வேலையை அல்ல.

"இடையூறுன்னு எயுதிக்கிறாங்க சார்," என்றாள். "சாவுற வரைக்கும் யார் வயியிலயும் நின்னதில்ல அவரு. பஸ்ல கூட ஓரமா நிப்பாரு. நீங்க போன்னு சொல்லியிருந்தா வூட்டுக்கு வந்திருப்பாரே சார்?"

"நான் சொன்னேம்மா. அவர் காதுல விழல போல."

"சரி சார். நான் மேல மனு போட்டுக்கிறேன்," என்று எழுந்து போனாள்.

ஜெயவேலுவுக்கு மனசு கேட்கவில்லை. அதனால் நிறுத்தத்துக்கு எதிரே பெரிய கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். அதில் மோகன்ராஜ் ஒரு மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். நடுவில், தொப்பியோடு, கண்ணீர் விடும் கமாண்டர்.

மோகன்ராஜின் காரியம் முடிந்த மறுநாள், உச்சிவேளை. ஜெயவேலு கார் ஓட்டிக்கொண்டு சந்திப்புக்கு வந்தார். சிக்னல் பச்சை. இருந்தும் முன்னே இருந்த பஸ், லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் நின்றன. சாலை நடுவே வெள்ளைக் கையுறை மாட்டிய ஒரு கை உயர்ந்திருந்தது. கைக்குக் கீழே மோகன்ராஜ்.

முகத்தில் கோபமில்லை, ரத்தமில்லை. இஸ்திரி போட்ட காக்கி. வெயிலில் நிற்கிறவர் முகத்தில் வேர்வைகூட இல்லை. கை இறங்கியது, வண்டிகள் நகர்ந்தன. கமாண்டரின் கார் கடந்தபோது மோகன்ராஜ் விறைத்து ஒரு சல்யூட் வைத்தார். பக்கத்து ஆட்டோக்காரர் ஒன்றையும் பார்த்ததாகத் தெரியவில்லை; ஏன் நின்றோம் என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினம் உச்சிவேளையில் அந்தச் சந்திப்பில் ஓர் ஒழுங்கு வந்தது. சிவப்பில் ஒருவனும் தாண்டுவதில்லை. பாட்டிமார் பயமில்லாமல் சாலையைக் கடந்தார்கள். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் புகழாரம் கொட்டியது: 'கமாண்டர் ஜெயவேலு அவர்களின் சீரிய முயற்சியால்.' ஜெயவேலு கும்பிடு பொம்மையை அனுப்பினார். புகழ் எங்கிருந்து வந்தால் என்ன, வாசல்வரை வந்ததைத் திருப்பி அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை.

ஆனால் சந்திப்பில் நிற்பவர் அங்கேயே நிற்கவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் நிமிர்ந்தால், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோகன்ராஜ். நேர்நில் நிலை. கைகள் தொடையோடு ஒட்டி, பார்வை நேரே, கமாண்டரின் வாயைப் பார்த்தபடி. ஏதோ ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் முகம்.

ஜெயவேலு இலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மறுநாள் சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றார் மோகன்ராஜ்.

"இன்னா, தெனம் சோத்தத் தூக்கினு வூட்டைச் சுத்துற?" என்றாள் கங்கையம்மாள். "நாளைக்கு மொட்டை மாடிக்குப் போறியா, தண்ணித் தொட்டியில எறங்குறியா?"

"அங்க யாராச்சும் நிக்கறாங்களா பாரு."

"எங்க?"

"செருப்பாண்ட."

அவள் பார்த்தாள். "உன் பூட்ஸு கீது. அது நாத்தம் தாங்காம எவன் நிப்பான்?" என்றவள், புருஷனின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "யோவ், உண்மையச் சொல்லு. அந்த மோகன்ராஜா?"

ஜெயவேலு சோற்றைப் பிசைந்தார்.

"நீ அன்னிக்கு அவனைப் போகச் சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"மூஞ்சப் பார்த்துச் சொல்லு."

"சொன்னேங்கிறேன்ல!"

செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சிறு அசைவு. மோகன்ராஜ் காதைச் சற்றே முன்னால் சாய்த்து, எப்போது சொன்னீர்கள் என்று நினைவுபடுத்திப் பார்ப்பவர்போல் நெற்றியைச் சுருக்கினார். பிறகு பழையபடி விறைத்துக்கொண்டார்.

எலுமிச்சம்பழம் கட்டினார், பூசணிக்காய் சுற்றி உடைத்தார், சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து பார்த்தால் பிராகாரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார் மோகன்ராஜ். பேயை ஓட்ட வழியுண்டு. டியூட்டி பார்க்கிற பேயை எந்தச் சாமி ஓட்டும்?

வேறு வழியில்லாமல் சட்டத்திடம் போனார். காலனியில் ராஜாராமன் என்று ஒருவர். ஏதோ ஒரு துறையில் சட்ட அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் சட்டத்தையும் கையில் எடுத்தால் பிரிவு எண்ணோடுதான் கீழே வைப்பார்.

"ஒரு டவுட்டு சார். சும்மா பொதுவா கேக்குறேன்," என்றார் ஜெயவேலு. "ஒரு துணைக்காவலரை 'அணி கலை' சொல்லாமலே விட்டுட்டா இன்னா ஆவும்?"

ராஜாராமன் கண்ணாடியைத் துடைத்தார். "பிரிவு ஒன்பது. 'நேர்நில்' என்ற ஆணை முதல் 'அணி கலை' என்ற ஆணை வரை அவர் பணியில் இருப்பவர். சொல்லலேன்னா இன்னும் டியூட்டியிலதான் இருக்கார்."

"அவர்... செத்துட்டா?"

"செத்தாலும்தான்."

"அது எப்படி சார்?"

"செத்தா பணி முடிஞ்சுதுன்னு சட்டத்துல போடலயே, ஜெயவேலு சார். போட மறந்துட்டா. ட்ராஃப்ட் பண்ணவா அவசரத்துல விட்டிருப்பா. ஆனா நாம இருக்கறதைத்தானே படிக்கணும்?"

ராஜாராமன் வீட்டு ஊஞ்சலுக்குப் பின்னால் மோகன்ராஜ், பிரிவு ஒன்பதை ஆமோதிப்பதுபோல் நின்றிருந்தார்.

"அப்ப இப்போ சொல்லிட்டா போச்சா சார்? தனியா, காதோட காதா?"

"விதி நாலைப் பாருங்கோ. 'அணியினர் அனைவரும் கூடியிருக்க, அனைவரும் கேட்கும்படி உரத்த குரலில்.' காதோட காதா சொல்றதுக்கு அது ரகசியமா?" ராஜாராமன் அவரைக் கூர்ந்து பார்த்தார். "பொதுவாத்தானே கேக்கறேள்?"

"பொதுவாத்தான்."

அணியைக் கூட்டுவதற்கு வழியில்லை. மனு முடிகிறவரை யாரும் காக்கி மாட்டக் கூடாது என்று மேலிடம் சொல்லியிருந்தது. ஒருநாள் சந்திப்பில் காரின் கண்ணாடியை இறக்கி, "அணி கலை, மோகன்ராஜ், அணி கலைப்பா," என்று கெஞ்சிப் பார்த்தார். மோகன்ராஜ் இடமும் வலமும் பார்த்தார், அணி எங்கே என்று. பின்னால் இருந்த பஸ் ஹாரன் அடித்தது.

இந்த நிலையில்தான் ஹேமாவதியின் மனு விசாரணைக்கு வந்தது. தாம்பரத்தில் ஒரு கூட்ட அறை. விசாரணை அதிகாரி சாவித்ரி. அடையாளம் காட்டுவதற்காக அணியினர் எல்லாரும் சீருடையில் வர வேண்டும் என்று கடிதம் வந்ததைப் படித்தபோது, பல நாளுக்குப் பிறகு ஜெயவேலு சிரித்தார். அணியும் கூடும், குரலும் உயர்த்தலாம். அன்று எப்படிச் சொன்னேன் என்று சொல்லிக்காட்டும் சாக்கில் உரக்கச் சொல்லிவிட்டால், பொய்யும் நிலைக்கும், பேயும் கலையும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பட்டை தொப்பியிலேயே இருக்கும்.

ஹேமாவதியின் நினைவு வரவே செய்தது. மண்டபத்தில் அவளுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தால் போயிற்று என்று அதற்கும் ஒரு வழி செய்துவிட்டு, தொப்பிக்குப் பாலீஷ் போட உட்கார்ந்தார்.

விசாரணை நண்பகலை ஒட்டி ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சத்தம் மட்டும் போடும் ஏ.சி., ஒரு தட்டச்சர். கதவுப் பக்கம் ஹேமாவதி. மூலையில், அணிக்குப் பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற ஹவில்தார் அச்சுதன்.

சாவித்ரி சுற்றி வளைக்கவில்லை. "மிஸ்டர் ஜெயவேலு, 'அணி கலை' சொன்னேன்னு ஸ்டேட்மெண்ட் குடுத்திருக்கீங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரியா சொன்னீங்க?"

"பெருங்களத்தூருக்கே கேட்டிருக்கும் மேடம். வேணும்னா இங்கயே சொல்லிக் காட்டட்டுமா? அணியும் இங்கதான் கீது."

"சரி, காட்டுங்க."

அணியினர் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற ஆட்டோக்காரர் கதிரேசன், யாரும் சொல்லாமலே, தனக்கு அப்பால் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றார். அந்த இடம் காலியாக இல்லை என்பது ஜெயவேலுவுக்கு மட்டும் தெரிந்தது. இஸ்திரி கலையாத காக்கி. தொடையோடு ஒட்டிய வெள்ளைக் கையுறைகள். அவர் வாயையே பார்க்கும் கண்கள்.

ஜெயவேலு மார்பை நிமிர்த்தினார். அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தார்.

"அணீ... கலை!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அணி அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சல்யூட் வைத்தார். இன்னொருவர் இடது காலைத் தூக்கிவிட்டு, அடுத்தவர் தூக்காததைப் பார்த்துத் திரும்ப வைத்துக்கொண்டார். மூன்றாமவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சொன்னாரு, களையா?" என்று பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார் கதிரேசன். "களைப்பா கீதா சாருக்கு? தண்ணி வேணுமா?"

"நீங்க ஏன் உட்கார்ந்தீங்க?" என்று மூன்றாமவரைக் கேட்டார் சாவித்ரி.

"களைப்பாறச் சொன்னாரு மேடம்."

சாவித்ரி மூலைப் பக்கம் திரும்பினார். "அச்சுதன் சார், 'அணி கலை'ன்னா என்ன செய்யணும்?"

"வலப்பக்கம் திரும்பி, ஒரு சல்யூட் வச்சு, கலைஞ்சு போகணும் மேடம்."

"இது இவங்களுக்குத் தெரியாதா?"

"நான் ஆரம்பத்துல ஒருதரம் சொல்லிக் குடுத்தேன் மேடம். தெனம் கேட்டுப் பழகினாத்தான் நிக்கும். கமாண்டர் வாயால கேட்டிருந்தா மறந்திருக்காது."

"கதிரேசன், இதுக்கு முன்னாடி எப்பவாவது இவர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

கதிரேசன் கமாண்டரைப் பார்த்தார், ஹேமாவதியைப் பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். "சத்தியமா இல்ல மேடம். 'நேர்நில்' நல்லாத் தெரியும். போட்டோ எடுத்ததும் இவரு கார்ல பூடுவாரு. நாங்க டீக்குப் போயி அப்பிடியே வூட்டுக்குப் பூடுவோம். அன்னிக்கும் அதான். மோகன்ராஜு வரமாட்டேன்னாரு. இன்னும் சொல்லலியேன்னாரு." பக்கத்தில் விட்டிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நாங்கதான் சிரிச்சோம்."

தட்டச்சர் விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இடையூறுன்னு இருக்கிற வரியை எடுத்துடுங்க," என்றார் சாவித்ரி. "'பணியில் இருந்தபோது'ன்னு போடுங்க. மிஸ்டர் ஜெயவேலு, தொப்பியைக் கழட்டி மேசை மேல வைங்க."

ஜெயவேலுவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. மொத்த அணியும் திருதிருவென்று விழித்த அந்தக் கணத்திலேயே, வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் டக்கென்று வலப்பக்கம் திரும்பியதை அவர் பார்த்திருந்தார். ஒரு சல்யூட். பிசிறில்லாத, முழு சல்யூட். அதற்கு அவருடைய கை தானாக உயர்ந்தது. உயர்ந்தது இன்னும் இறங்கவில்லை.

"யாருக்கு சார் சல்யூட்?" என்றார் சாவித்ரி.

கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்த ஹேமாவதி, யாரோ தாண்டிப் போக வழிவிடுவதுபோல் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். மூடியிருந்த கதவைப் பார்த்தாள். பிறகு ஜெயவேலுவின் நெற்றியிலிருந்து இறங்காத கையைப் பார்த்தாள்.

"போய்ட்டாரா சார்?" என்றாள் மெல்ல.

ஜெயவேலு தலையாட்டினார். "போய்ட்டாரும்மா."

ஹேமாவதி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கொஞ்சம் இருங்கம்மா, கையெழுத்து போட்டுட்டுப் போகலாம்," என்றார் சாவித்ரி.

"நாளைக்கு வந்து போடுறேன் மேடம்." அவள் அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். "டூட்டி முடிஞ்சா நேரா வூட்டுக்குத்தான் வருவாரு. வூடு பூட்டிக் கீது."